சேராத கையெழுத்து

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், நேரில் ‘அக்கா’தான். ஆனால் அந்தப் பெயர் அவள் காதுக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது, அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மற்ற நாட்களில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் சாதாரண எழுத்தர். தேர்தல் வந்துவிட்டால் ஆளே வேறு. தபால் ஓட்டு மேஜைக்கு அவள்தான் ராணி.

தபால் ஓட்டு என்றால் கவரைக் கிழித்தோம், எண்ணினோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பரிதாபமாக இருக்கும். அது ஒரு கவருக்குள் இன்னொரு கவர். வெளிக் கவரில் ஓட்டுப் போட்டவருடைய உறுதிமொழிச் சீட்டும் அதில் கையெழுத்தும் இருக்கும். உள் கவரில் பேரும் கிடையாது ஊரும் கிடையாது, ஓட்டுச் சீட்டு மட்டும். வெளிக் கவரை முந்தைய வாரங்களிலேயே பிரித்து, கையெழுத்தைப் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். சேர்ந்தால் உள் கவர் பச்சைப் பெட்டிக்குப் போகும். சேராவிட்டால் இரண்டும் சேர்ந்து சிவப்புத் தட்டுக்குப் போகும். பச்சைப் பெட்டி எண்ணுகிற நாள் காலையில்தான் திறக்கும். அதற்கு முன் ஆண்டவனே வந்து கேட்டாலும் திறக்காது. சிவப்புத் தட்டில் விழுந்தவருக்கு, நேரில் வந்து இது என் கையெழுத்துதான் என்று சொல்லும்படி ஒரு நோட்டீஸ் போகும். எண்ணுகிற நாளுக்கு முந்தின நாள் சாயந்திரத்துக்குள் அவர் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கவரைப் பிரிக்காமலேயே மூட்டையில் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பது யாருக்குப் போட்ட ஓட்டு என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஒவ்வொரு கவரையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது விதி. அவளோடு உட்காருகிறவர் குடிநீர்ப் பிரிவுக்காரர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே பாக்கி. அரைக்கண் மூடியபடியே இருப்பதால் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். பூதக்கண்ணாடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பேனா எங்கே தொடங்கியிருக்கிறது, எங்கே தூக்கியிருக்கிறது, சுழி இடப்பக்கம் சாய்கிறதா வலப்பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு, “சேரல” என்பாள். தூங்குமூஞ்சி எட்டிக்கூடப் பார்க்காமல், “ஆமா, சேரல” என்பார். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒருமனதாக முடிவெடுத்ததாகப் பதிவாகிவிடும்.

“வயசானவங்கக்கா, கை நடுங்கியிருக்கும்” என்று யாராவது பரிந்து பேசினால் அவளுக்குப் பிடிக்காது.

“கை நடுங்குனா நேர்ல வந்து சொல்லட்டும். ஒருத்தர் ஓட்ட இன்னொருத்தர் போட்டா, அப்புறம் தேர்தல் எதுக்கு? வீட்டுக்கு ஒரு ஆளக் கூப்ட்டு, உங்க வீட்ல எத்தன ஓட்டுன்னு கேட்டு எழுதிக்கலாமே?”

இதை அவள் சொல்லும்போது குரலில் எள்ளளவும் தயக்கம் இருக்காது. அதுதான் ஆச்சரியம். ஏனென்றால் அவள் வீட்டில் இரண்டு ஓட்டு. முப்பது வருஷமாக இரண்டையும் போட்டவள் அவள்தான்.

அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். தேர்தல் நாளில் ஊருக்கெல்லாம் லீவு, பஸ்ஸுக்கு மட்டும் கிடையாது. அதனால் அவருக்கும் தபால் ஓட்டு, தேர்தல் வேலை பார்க்கிற அவளுக்கும் தபால் ஓட்டு. கல்யாணமான புதிதில் வந்த முதல் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவர் மேஜைமேல் போட்டுவிட்டு, “நீயே போட்டுடு” என்று படுக்கப் போனார். விடியற்காலை முதல் வண்டி அவருடையது. யாருக்குப் போடுவது என்று கேட்டதற்கு, “பாத்துப் போடு” என்றார். அவள் பார்த்துப் போட்டாள். உறுதிமொழிச் சீட்டில் அவர் பெயரையும் அவளே எழுதினாள், முதல் எழுத்தில் பெரிய சுழி வைத்து, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்துப் பெயருக்கு அடியில் கொண்டு வந்து. புருஷனுக்கு ஒரு நல்ல கையெழுத்து இருக்கட்டுமே என்ற ஆசைதான்.

அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் நல்ல வாழ்வு. வாக்காளர் பதிவில் ஏறியது, பேங்கில் ஏறியது, மகளுடைய ரேங்க் கார்டுகளில் ‘தந்தையின் கையொப்பம்’ என்ற இடத்தில் வருஷா வருஷம் ஏறியது. டெப்போவில் அவர் உண்மையில் போட்டது ஒரு கிறுக்கல்; அதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. இதையெல்லாம் அவள் ஒருநாளும் தப்பு என்று நினைத்ததில்லை. அவருக்குச் சட்டை எடுப்பது, அவருக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்குவது, அவருக்கு ஓட்டுப் போடுவது எல்லாமே அவள் கணக்கில் குடும்பம் நடத்துவதுதான். வெளியிலிருந்து வரும் கவர் வேறு, வீட்டிலிருந்து போகும் கவர் வேறு.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் சிக்னலில் நின்று நின்றுதான் வந்தது. அவ்வளவு நேரம் காத்திருக்க யாருக்கு முடிகிறது? அவர் “எனக்கு...” என்று தொடங்கினால் அவள் “தண்ணியா? இந்தாங்க” என்று முடித்துவிடுவாள். டாக்டர் அவருக்கு வலிக்கிறதா என்று அவளிடம் கேட்டார். முடிவெட்ட வந்தவர் எவ்வளவு குறைக்கலாம் என்று அவளிடம் கேட்டார். மகள் போனில் “அப்பா சாப்ட்டாரா?” என்று கேட்டபோது அப்பா போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில்தான், தபால் ஓட்டுப் பட்டியலில் அவர் இன்னும் இருந்ததால், அவர் பெயரை மட்டும் போட்டு, அவரை மட்டும் கேட்டு ஒரு கவர் வந்தது.

வழக்கம்போல அவள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கவரையும் பரப்பிவைத்துப் பேனாவை எடுத்தாள். தன்னுடையதை முடித்தாள். அவருடையதை இழுத்தபோது, அவர் இடது கை அதன்மேல் வந்து விழுந்தது.

“நானே... போடுறேன்.”

“நீங்க என்னத்தப் போடப் போறீங்க? கை ஒத்துழைக்குமா?”

“இடது கை... இருக்கே.”

“ஏங்க, ஓட்டக்கூட எப்படியோ போட்டுடுவீங்க. கையெழுத்து? சேராதுங்க. நான்தான் அந்த மேஜையில உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? நேரா சிவப்புத் தட்டு.”

“போகட்டும்.”

“வீணாப் போயிடும்ங்கறேன்.”

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். “முப்பது வருஷம்... நீ போட்ட. ஒருவாட்டி... நான் போடுறேன். நீ... உள்ள போ.”

சொந்த வீட்டில், சொந்த மேஜையிலிருந்து அவளை எழுந்து போகச் சொல்லிவிட்டார். அவள் அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள். வெளியே பேனா கீழே விழுந்தது. அதற்கு ஒரு திட்டு. மறுபடி விழுந்தது. இன்னும் பெரிய திட்டு, டிரைவர்கள் மட்டும் திட்டக்கூடியது. அவர் கூப்பிட்டபோது போய்ப் பார்த்தால், உள் கவரை எச்சில் தொட்டு ஒட்டியே முடித்திருந்தார். உறுதிமொழிச் சீட்டில் அவர் பெயர், குழியில் இறங்கி ஏறுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது போலக் கோணலும் மாணலுமாக இருந்தது. சுழியும் இல்லை, கோடும் இல்லை. வேர்த்து வழிந்த முகத்தில் மட்டும், ஒரு கரையேறிய திருப்தி.

அன்றிலிருந்து அவள் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து சேரவில்லை என்று யாராவது நோண்டப் போய், பதிவில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று கேட்டுவிட்டால்? கையெழுத்துப் பார்க்கிறவளே கள்ளக் கையெழுத்துக்காரி. வேலை போகும், பென்ஷன் போகும், பூதக்கண்ணாடி என்று கூப்பிட்ட வாய்கள் அடுத்து என்ன பெயர் வைக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. இதற்குக் கீழே இன்னொரு உறுத்தலும் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை. இந்தத் தேர்தலில் நின்றவர்களில் ஒருவர் சோபா கடை முதலாளி. தன் கடை சோபாவில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தபடி, ‘உங்கள் சுமையை என்னிடம் இறக்குங்கள்’ என்று ஊரெல்லாம் படம் ஒட்டியிருந்தவர். அந்த ஆளை டி.வி.யில் பார்த்து இவர் ஒருநாள் சிரித்தார். நோயில் விழுந்தபின் அவர் சிரித்ததே அபூர்வம். ஆக இவர் ஓட்டு அவனுக்குத்தான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அவள் ஆதரிப்பது ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரை. அந்த அம்மாள் பேசினால் ஒரு வார்த்தை பிசகாது.

கவர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாளில் அவள் விதிப்படி நடந்துகொண்டாள். சொந்தக்காரர் கவர் வந்தால் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு, தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். போய் நின்றாள். அவள் இடத்தில் வரிப் பிரிவு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். தூங்குமூஞ்சி வழக்கமாகக் காதால் கேட்டு முடிவெடுப்பவர். இன்று கேட்பதற்குப் பக்கத்தில் குரல் இல்லை. வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்தார். கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கம்ப்யூட்டர் திரையில் இருந்த பதிவுக் கையெழுத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“சுழி இல்ல. அடிக்கோடு இல்ல. பேனா தூக்குற இடமே வேற. சேரல” என்றார். அவளே சொல்வது போல இருந்தது.

“ஆமா, சேரல” என்றாள் வரிப் பிரிவு அம்மாள்.

சிவப்புத் தட்டில் கவர் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. ஒரு பக்கம் நெஞ்சு வலித்தது. இன்னொரு பக்கம், நான் ஒன்றும் செய்யவில்லை, விதி செய்தது என்று நிம்மதியாகவும் இருந்தது. இதற்குத்தானே சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. வீட்டுத் தபாலை எடுக்கிறவளும் அவள்தான். எடுத்தாள், படித்தாள், படிக்கவே தேவையில்லாத நோட்டீஸ் அது, அதை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. நாளைக்குக் கொடுக்கலாம் என்று பிரிட்ஜ் மேல் வைத்தாள். நாளைக்கு அவருக்குப் பிசியோதெரபி. அதற்கு மறுநாள் அவளுக்குத் தலைவலி. பிரிட்ஜ் மேல் இருந்த காகிதத்தின்மேல் ஒரு பாத்திரத்தை வைத்தாள், காற்றில் பறந்துவிடக் கூடாதே.

“என் கவர்... வந்துச்சா?” என்று அவர் கேட்டார்.

“வந்து சேந்துடுச்சுங்க” என்றாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

கடைசி நாள் பிற்பகலில் தூங்குமூஞ்சி அவளிடம் குனிந்து, உதவி செய்தவர் முகத்தோடு சொன்னார்:

“அக்கா, உங்க வீட்டுக்காரரு இன்னும் வரலியேன்னு பாத்தேன். நீங்க சொந்தம்கறதால அதுல தலையிட மாட்டீங்க, தெரியும். அதான் நானே வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். பாவம், அவருக்கு நோட்டீசே கெடைக்கலியாம். தபால்காரங்க வேல அப்படி.”

இத்தனை வருஷமும் தூங்கிய மனுஷன் விழித்துக்கொள்ள இந்த வாரம்தான் கிடைத்ததா? அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. “ரொம்ப தேங்க்ஸ்” என்றாள்.

சாயந்திரம் கதவு மூடுவதற்குள் அவர் வந்துவிட்டார். மாடி வீட்டுக்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டெப்போ சீருடைச் சட்டையை இவர் தானே மாட்டியிருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. பட்டன்கள் ஒரு ஓட்டை தள்ளித் தள்ளி ஏறியிருந்தன. அவள் எழுந்து சரிசெய்யப் போனாள். பாதி தூரத்தில் மஞ்சள் கோடு ஞாபகம் வந்து, அங்கேயே நின்றாள்.

தேர்தல் ஆபீசர் அம்மாள் மரியாதையாகத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “ஐயா, பதிவுல இருக்கற கையெழுத்தும் நீங்க அனுப்புனதும் சேரல. இது உங்க கையெழுத்துதானா, பாத்துச் சொல்லுங்க.”

திரையில் அந்தக் கையெழுத்து ஒரு முழ நீளத்துக்கு நின்றது. பெரிய சுழி, இழுத்த கோடு. அவர் அதை முதல்முறை பார்ப்பவர் போல நிதானமாகப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, கோட்டுக்குப் பின்னால் நிற்கிற மனைவியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவர் ஓட்டுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அது என் கையெழுத்தே இல்லை, இதுதான் என் கையெழுத்து என்று ஒரே வரி. அந்த ஒரே வரியில் அவள் வேலை போய்விடும். அவர் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. இந்த ஒருதடவை அவர் வாக்கியத்தை முடித்துவைக்கவும் அவளால் முடியவில்லை.

“எங்க வீட்ல... ரொம்ப வருஷமா... அதான் என் கையெழுத்து” என்றார். “இனிமே... இது.”

“மருத்துவச் சான்று ஏதாவது இருக்குங்களா ஐயா? உடம்பு சரியில்லாம கையெழுத்து மாறுச்சுன்னு...”

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி ஆபீசர் மேஜைமேல் வைத்தார். கை தொப்பென்று விழுந்து, வைத்த இடத்திலேயே கிடந்தது.

“இதான்... சான்று.”

ஆபீசர் அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவசரமாகப் புதிய கையெழுத்துக்கான சீட்டை நீட்டினாள். மூன்று இடத்தில் போட வேண்டும். அவர் மூச்சு வாங்க வாங்க மூன்றும் போட்டார். மூன்றும் மூன்று விதம்.

“மூணும் ஒண்ணுக்கொண்ணு சேரலியே” என்று ஆபீசர் இழுத்தாள்.

“மேடம், மூணும் நம்ம கண்ணு முன்னாடி போட்டதுதானே?” என்றார் தூங்குமூஞ்சி. “நம்ம கண்ணு முன்னாடி போடாததத்தான இத்தன நாளா சேருது சேருதுன்னு எடுத்துக்கிட்டோம்.”

அவர் அதை வெள்ளை மனதாகத்தான் சொன்னார். பூதக்கண்ணாடிக்கு மட்டும் காது சுட்டது. உள் கவர் பச்சைப் பெட்டிக்குள் போனது.

வீட்டுக்குப் போகிற வழியில் நாற்காலியை அவள் தள்ளினாள்.

“ஏன் சொல்லல?” என்று கடைசியில் அவள்தான் கேட்டாள். “சொல்லியிருக்கலாமே, நான் போட்டதுன்னு.”

“சொன்னா... சம்பளம்?” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “நோட்டீசு?” என்றார்.

“மறந்துட்டேன்.”

“ஓ” என்றார். அந்த ‘ஓ’ மட்டும் தடுக்காமல் வந்தது. அதற்கு அவர் நேராகத் திட்டியிருக்கலாம்.

எண்ணுகிற நாள் காலையில் தபால் ஓட்டுதான் முதலில். மற்றப் பெட்டிகள் காத்திருக்க, பச்சைப் பெட்டியை ஏஜெண்டுகள் முன்னால் திறந்து, உள் கவர்களை நீள மேஜையில் கொட்டி, நான்கு கைகள் சேர்ந்து கலைத்துக் கலக்கின. அப்படிக் கலக்கிய பிறகுதான் கவரைப் பிரிப்பார்கள். எந்தச் சீட்டு யாருடையது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கலக்கலில் அவள் கையும் ஒன்று. அவருடைய கவர் எது என்று தன் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. எல்லாம் ஒரே காகிதம், ஒரே கனம்.

பிரிக்கப் பிரிக்கச் சீட்டுகள் அடுக்கடுக்காகப் பிரிந்தன. தலைமையாசிரியை அடுக்கு நன்றாகவே உயர்ந்தது. சோபா முதலாளி அடுக்கும் சளைக்கவில்லை. பாதிக்கு மேல் போன பிறகு ஒரு சீட்டு வந்தது. பார்த்ததும் அவள் கை நின்றது.

சோபா முதலாளியின் கட்டத்துக்குள் தொடங்கிய குறி, நடுங்கி நடுங்கி வளைந்து, வால் நீண்டு, அடுத்திருந்த தலைமையாசிரியையின் கட்டத்துக்குள் நுனியை நீட்டிக்கொண்டு நின்றது. இடது கைக் கிறுக்கல். சந்தேகமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கட்டிய புருஷன் கை தெரியாதா?

“செல்லாது!” என்றார் தலைமையாசிரியையின் ஏஜெண்ட். “ரெண்டு கட்டத்துலயும் மை பட்டிருக்கு.”

“எப்படிச் செல்லாது? எங்க கட்டத்துலதான தொடங்கியிருக்கு?” என்றார் சோபா கடை ஏஜெண்ட்.

சத்தம் ஏறியது. ஆபீசர் அம்மாள் வந்து பார்த்தாள். குறி எந்தக் கட்டத்துக்கு என்று தெளிவாகத் தெரிந்தால் செல்லும், தெரியாவிட்டால் செல்லாது; அதுதான் விதி. தெளிவு என்பது பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது. ஆபீசர் அம்மாள் பெருமூச்சுவிட்டு, “இத்தன வருஷம் பாத்தவங்க நீங்க. உங்க அபிப்ராயம் என்ன?” என்று பூதக்கண்ணாடியைக் கேட்டாள்.

சொந்தக்காரர் சீட்டு என்றால் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும். ஆனால் இது சொந்தக்காரர் சீட்டு என்று எப்படிச் சொல்வது? தெரியக் கூடாது என்றுதானே கலக்கினார்கள்? தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எந்த விதியின்படி கையைத் தூக்குவது? ‘செல்லாது’ என்று ஒரு வார்த்தை. தூங்குமூஞ்சி ‘ஆமா, செல்லாது’ என்பார். தன்னுடைய ஆளுக்கு எதிரான ஒரு ஓட்டு ஒழியும், முப்பது வருஷம்போல இந்தத் தடவையும் வீட்டு ஓட்டு அவள் இஷ்டப்படியே முடியும். எவ்வளவு எளிது! பேனா விழுந்த சத்தமும் அந்தத் திட்டும் அவளுக்கு ஞாபகம் வந்தன. ஆபீசர் மேஜைமேல் கிடந்த கை ஞாபகம் வந்தது. அழுகை முட்டியது. ஒரு கட்டத்தைத் தொட்டுவிட அந்த மனுஷன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார், அதுவும் போயும் போயும் ஒரு சோபாக்காரனுக்காக.

“குறி தொடங்கி, அழுத்தி நின்னது மொதல் கட்டத்துல. மத்தது கை நழுவுனது” என்றாள். “செல்லும். சோபா கடைக்காரருக்கு.”

“ஆமா, செல்லும்” என்றார் தூங்குமூஞ்சி.

தலைமையாசிரியையின் ஏஜெண்ட், கூடவே இருந்து குழி பறித்தவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு தியாகம் இந்த மேஜையில் நடந்திருக்கிறது, அது ஒருவருக்கும் தெரியாது என்று நினைக்க மனசு நிறைந்தது. தன்னை நினைத்துத் தனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. சாயந்திரத்துக்குள் எல்லாப் பெட்டிகளும் எண்ணி முடிந்தபோது, சோபா முதலாளி அவள் காப்பாற்றிக் கொடுத்த அந்த ஒரு ஓட்டு இல்லாமலே தாராளமாக ஜெயிக்கிற அளவுக்கு ஜெயித்திருந்தார்.

வீட்டில் அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். வென்றவர் தன் கடை சோபாவிலேயே உட்கார்ந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

“சந்தோஷமா?” என்றாள் பையை இறக்கி வைத்தபடி. “உங்க ஆளு ஜெயிச்சுட்டாரு.”

“என் ஆளா? யாரு?”

“இதோ, சோபாவுல சாஞ்சிருக்காரே. ஒண்ணும் மறைக்க வேணாம். உங்க சீட்டு என் கையிலதான் வந்துச்சு. வால் நீட்டிக்கிட்டு அடுத்த கட்டத்துல போய் இடிச்சு நிக்குது. செல்லாதுன்னு அந்த ஏஜெண்ட் குதியோ குதின்னு குதிச்சாரு. நான்தான் செல்லும்னு சொல்லிக் காப்பாத்தினேன். எனக்குப் புடிக்காத ஆளு. ஆனா உங்க ஓட்டாச்சே.”

அவர் அவளைப் பார்த்தார். டி.வி.யைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, இருமல் வர, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அவனுக்கா? நானா?” என்றார் மூச்சு வந்ததும். “என்னப் பாத்தா... எப்படித் தெரியுது... உனக்கு?”

“பின்ன அந்தச் சீட்டு?”

“யாரோ... பாவம். என் குறி... கட்டத்த விட்டு... நகரல.” பஸ்ஸைத் தடத்தில் நிறுத்தியவர் சொல்வது போலச் சொன்னார்.

அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அப்படியானால் காலையில் கண் கலங்கியது யாரோ முன்பின் தெரியாத ஒரு நடுக்கத்துக்காக. தன் ஆளுக்கு எதிராகச் செல்லும் என்று சொன்னது, யாரோ ஒரு சோபா ரசிகருக்காக. “அப்ப யாருக்குப் போட்டீங்க?” என்றாள். அவர் பேசவில்லை. “டீச்சரம்மாவுக்கா?” பேசவில்லை. மீதி இருந்த ஒவ்வொருவரையும் சொல்லிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. கையெழுத்தின் சுழியைப் பார்த்து ஆளைச் சொல்கிறவள், எதிரே உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தாள்.

“எங்கிட்டகூடச் சொல்ல மாட்டீங்களா?”

“ம்ஹும்.”

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் போனதும் பயம் வந்தது. இத்தனை வருஷம் தன் கைக்குள் இருந்ததாக நினைத்த மனுஷனுக்குள் இன்னும் என்னென்ன இருக்கும்? அவர் எதையாவது கேட்க வாயெடுத்தபோதெல்லாம் தான் தண்ணீரைக் கொடுத்து மூடினோம் என்று யோசிக்கும்போது வெட்கமாக இருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நேரம் ஆனது. நாக்கு நுனியில் இரண்டு மூன்று பதில்கள் வந்து நின்றன, எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“இந்த நாற்காலிய...” என்றார். “ரோட்டுப் பக்கம்... திருப்பு.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அதை ஜன்னலுக்கு முதுகு காட்டி வைத்தவள் அவள்தான். வீட்டு வாசல் வழியாகத்தான் அவர் ஓட்டிய பஸ் போகும். அதைப் பார்த்தால் மனசு உடைந்துபோவார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அவரை ஒருநாளும் கேட்கவில்லை.

எழுந்து, பிரேக்கைத் தளர்த்தி, நாற்காலியைத் திருப்பினாள். ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டாள். சிறிது நேரத்தில் முனையில் பஸ் ஒன்று வந்து, வளைவில் அகலமாகச் சுற்றி, நடைபாதையில் ஏறுவது போல ஏறி இறங்கிப் போனது. அவர் நெற்றி சுருங்கியது.

“யாருடா இவன்?” என்றார் ஒரு வார்த்தையும் தடுக்காமல். “இப்படியா திருப்புவான்?”